ஆய்வகத்தில் வளர்க்கும் மாட்டுக் கருவுக்கு ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்ப்பதால் பலன் உண்டா?

ஆத்தூர் பக்கம் கலப்பின மாடுகள் வைத்திருக்கும் நீங்கள், ஐவிஎஃப் கரு (ஆய்வகத்தில் முட்டையையும் விந்தணுவையும் சேர்த்து உருவாக்கும் கரு) வைக்கும் முன் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். ஆய்வகத்தில் சேர்க்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் (ஆக்ஸிஜனால் செல்லுக்கு வரும் கேட்டைத் தடுக்கும் பொருள்) கருவுக்கு உண்மையிலேயே உதவுமா? அதையே வாங்கி மாட்டுக்கும் கொடுக்கலாமா? நான் சேலத்துக்காரன், மாட்டுக் கரு வளர்ப்பதுதான் என் வேலை.

உதவும். ஆனால் எந்தக் கட்டத்தில், எவ்வளவு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது.

பசுவின் கருக்குழாயில் ஆக்ஸிஜன் குறைவு. வெளிக்காற்றிலோ 20 சதவீதத்துக்கு மேல். முட்டையை எடுத்துத் தட்டில் வைத்ததுமே அந்தக் காற்றும் மைக்ரோஸ்கோப் வெளிச்சமும் சேர்ந்து ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற, செல்லைக் கெடுக்கும் பொருள்களைக் கூட்டிவிடும். மாட்டு முட்டையில் கொழுப்பு அதிகம், லென்ஸில் பார்த்தால் உள்ளே கருப்பாகவே தெரியும். அந்தக் கொழுப்பைத்தான் இவை முதலில் கெடுக்கும். அதனால் எதையும் சேர்ப்பதற்கு முன் இன்குபேட்டரில் ஆக்ஸிஜனை 5 சதவீதத்துக்கு இறக்குங்கள் என்றுதான் எந்த ஆய்வகத்துக்கும் சொல்வேன்.

அப்புறம் சிஸ்டியமின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட். முட்டை முதிர்கிற முதல் 24 மணி நேரத்தில் இதை 100 மைக்ரோமோலார் (மிகச் சிறிய செறிவு) அளவில் சேர்ப்பது வழக்கம். முட்டையின் சொந்தக் காவலன் குளூட்டதயோன். அதைத் தயாரிக்க சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வேண்டும். தட்டில் உள்ள திரவத்தில் சிஸ்டீன் சீக்கிரமே சிஸ்டின் என்ற இன்னொரு வடிவத்துக்கு மாறிவிடுகிறது, அதை முட்டையால் சரியாக எடுத்துக்கொள்ள முடியாது. சிஸ்டியமின் அதைப் பிரித்து உள்ளே போகவிடுகிறது. இப்படிச் சேரும் குளூட்டதயோனின் வேலை பாதுகாப்பதோடு நின்றுவிடுவதில்லை. உள்ளே நுழைந்த விந்தணுவின் இறுகிய தலை விரிவதற்கும் அதுதான் தேவை.

விந்தணுவோடு சேர்க்கும் கட்டத்தில் கவனம் வேண்டும். விந்தணு கருவூட்டும் திறன் பெறுவதற்கே கொஞ்சம் பெராக்சைடு தேவைப்படுகிறது. எல்லாவற்றையும் துடைத்தெடுத்தால் கருத்தரிப்பே குறையலாம். மெலடோனின், வைட்டமின் சி, ஈ, செலினியம் எல்லாம் பயன்பாட்டில் உண்டு. அளவு மீறினால் எதுவும் கெடுதல்தான்.

இவ்வளவு செய்தும், முதிரவைக்கும் 100 முட்டையில் 30 முதல் 40தான் ஏழெட்டு நாளில் பிளாஸ்டோசிஸ்ட் (மாட்டுக்குள் வைக்கும் நிலைக்கு வளர்ந்த கரு) ஆகும். என்னைக் கேட்டால் அந்த எண்ணிக்கையைவிட, உறையவைத்து எடுத்த பிறகு எத்தனை கரு மறுபடி விரிகிறது என்பதுதான் முக்கியம்.

சரி, உங்கள் மாடு. ஆய்வகத்தில் சேர்ப்பது மைக்ரோமோலார் கணக்கு, அதற்கும் தீவனத்துக்கும் சம்பந்தமே இல்லை. செலினியத்தைத் தனியாக வாங்கிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், தேவையான அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. பசுந்தீவனமும், கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் தாது உப்புக் கலவையும் போதும். நம் ஊர் சித்திரை வெயில் மாட்டின் முட்டையைக் கெடுக்கும், அந்தப் பாதிப்பு வெயில் தணிந்த பிறகும் சில வாரம் தொடரும். ஆனால் கரு வைக்கும்போது உங்கள் மாட்டின் முட்டையே தேவையில்லை. ஏழு நாள் கரு, முதல் இரண்டு நாள் கருவைவிட வெப்பத்தை நன்றாகவே தாங்கும். அதனால் கோடையில் சினை ஊசிக்குச் சினை பிடிக்காத மாட்டுக்கு இதை முயன்று பார்க்கலாம். மாடு சினைப்பருவத்துக்கு வந்த தேதியையும் நேரத்தையும் மட்டும் எழுதி வையுங்கள். அதிலிருந்து ஏழாம் நாளைக் கணக்கிட்டுத்தான் கரு வைப்பார்கள், ஒரு நாளுக்கு மேல் தவறினால் நல்ல கருவும் தங்காமல் போகலாம்.