கேமில் கூட வரும் கேரக்டர் நம்மை ஒப்புக்குச் சப்பாணி ஆக்கிவிடுகிறதா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஒரு கேமை 40 மணி நேரம் விளையாடி முடித்தபின், முக்கியமான காரியத்தையெல்லாம் கூட வந்த துணைப் பாத்திரமே செய்துவிட்டதுபோலவும், தான் அதன் பின்னால் ஓடியதோடு சரி என்பதுபோலவும் கேட்டவருக்குத் தோன்றியிருக்கிறது. துணைப் பாத்திரத்தை நன்றாக எழுதினாலே விளையாடுகிறவரின் இடம் போய்விடுமா என்கிறார்.

போகாது என்பது என் பதில். ஆனால் அந்த எரிச்சல் எனக்கும் வந்திருக்கிறது, அதுவும் பலமாக. அதிலிருந்தே தொடங்குகிறேன். எல்லாம் வந்து சில வருடங்களாவது ஆன கேம்கள்தான், இருந்தாலும் முடிவுகளைத் தொடாமல் இதைப் பேச முடியாது. விளையாடாதவர்கள் பார்த்துப் படியுங்கள்.

2006-இல் வந்த 'எல்டர் ஸ்க்ரோல்ஸ் 4: ஆப்ளிவியன்'. ஒரு நகரம் எரிந்துகொண்டிருக்கிறது. அரக்க உலகத்திலிருந்து திறந்த வாசலுக்குள் புகுந்து அதை மூடி, கோயிலுக்குள் மாட்டிக்கொண்டிருந்த மார்ட்டின் என்ற மதகுருவை மீட்கிறோம். கொலையான சக்கரவர்த்தியின் கடைசி வாரிசு அவர்தான். அன்றிலிருந்து அவர் மலைக்கோட்டையில் உட்கார்ந்து ஒரு பழைய நூலை ஆராய்வார். அந்தக் கல் வேண்டும், இந்த ரத்தம் வேண்டும் என்பார். நான் நாடு முழுக்க ஓடிக் கொண்டுவந்து கொடுப்பேன். அதுகூடப் பரவாயில்லை, கேம் என்றாலே பாதி எடுபிடி வேலைதான்.

கடைசியில் தலைநகரத்தில் மெஹ்ரூன்ஸ் டேகன் என்ற ராட்சதன் கட்டடங்களுக்கு மேலே தலை தெரிய வந்து நிற்கிறான். நான் அம்பாக விட்டுத் தள்ளுகிறேன், அவன் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மார்ட்டின் கோயிலுக்குள் ஓடி, தன்னிடமிருந்த அரச பதக்கத்தை உடைத்து, நெருப்பு டிராகனாக மாறி அவனை ஒழித்துவிட்டு, அப்படியே கல்லாகச் சமைந்துவிடுகிறார். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் தம்பி கேட்டான்: "நீ ஏண்ணா சும்மா நிக்கிறே?"

என்னிடம் பதில் இல்லை. அப்புறம் ஒரு பெரியவர் வந்து எனக்கு வீரப் பட்டம் கொடுத்தார். பரிசாக ஒரு கவசம் தயாராகிறது, இரண்டு வாரம் கழித்து வந்து வாங்கிக்கொள் என்றார். உலகத்தைக் காப்பாற்றியவனுக்குத் தையல்காரர் தவணை.

சின்ன வயதில் ஆட்டத்தில் சிலரை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோமே, அந்த நிலைமைதான். ஓடலாம், கத்தலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் அவர் தொட்டாலும் கணக்கில்லை, அவரைத் தொட்டாலும் கணக்கில்லை.

ரொம்ப நாள் இதை எழுதியவர்களின் கோளாறு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவர்களுக்கு வேறு வழி குறைவு என்று தோன்றுகிறது. ஆப்ளிவியனில் என் பாத்திரம் பூனை முகத் திருடனாக இருக்கலாம், பல்லி முக மந்திரவாதியாக இருக்கலாம். பெயரும் குணமும் என் இஷ்டம். கதை எழுதுகிறவருக்கு என்னைத் தெரியாது, மார்ட்டினைத்தான் தெரியும். பயம், தயக்கம், தியாகம் என்று படிப்படியாக ஒரு மனமாற்றத்தை எழுத வேண்டுமென்றால், தெரிந்த ஆளுக்குத்தானே எழுத முடியும்? போதாததற்கு, முடிவுக்குப் பிறகும் நான் அந்த உலகத்தில் சுற்றித் திரிந்து மிச்சமிருக்கிற குகைகளைத் துழாவ வேண்டும். ஆகவே நான் சாகவும் கூடாது, அரியணை ஏறவும் கூடாது. சாவதற்கும் அரசனாவதற்கும் வேறொருவர் தேவைப்படுகிறார். கதையின் பாரம் முழுக்க அவர் தலையில் இறங்குவது அப்படித்தான்.

அதே நிறுவனம் 2008-இல் 'ஃபால்அவுட் 3' எடுத்தபோது நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அங்கே கடைசியில் கதிர்வீச்சு நிரம்பிய ஓர் அறைக்குள் யாராவது போக வேண்டும், போனால் சாவு. என்னோடு ஃபாக்ஸ் என்ற பிறழ்மனிதன் நிற்கிறான். கதிர்வீச்சு அவனை ஒன்றும் செய்யாது. கொஞ்ச நேரத்துக்கு முன்புதான் இதேபோன்ற ஓர் அறைக்குள் எனக்காகப் புகுந்து ஒரு கருவியை எடுத்துவந்தான். இப்போது நீ போயேன் என்றால், இது உன் விதி, நான் குறுக்கே வரமாட்டேன் என்கிறான். விளையாடுகிறவரின் இடத்தைக் காப்பாற்ற வேண்டும் என்ற அக்கறையில் ஒரு நல்ல பாத்திரத்தை முட்டாளாக்கிவிட்டார்கள். நான் சிரித்துவிட்டேன், அந்த இடத்தில் சிரிக்கவே கூடாது. எதிர்ப்பு அதிகமானதால் 2009-இல் வந்த 'புரோக்கன் ஸ்டீல்' என்ற கூடுதல் பாகத்தில் ஃபாக்ஸை அனுப்ப முடிகிறமாதிரி மாற்றினார்கள். ஆக, கடைசி அடி என் கையால் விழுந்தே ஆகவேண்டும் என்று வலிந்து செய்தாலும் கதை கெடும்.

எனக்குத் தெளிவு வந்தது 2015-இல், 'விட்சர் 3' விளையாடியபோது. கணக்குப் பார்த்தால் மார்ட்டின் செய்ததைத்தான், கதாநாயகன் கெரால்ட் மகள்போல வளர்த்த சிரியும் செய்கிறாள். உலகத்தை அழிக்க வரும் உறைபனியைத் தடுக்க அவள் ஒருத்தியால்தான் முடியும். கெரால்ட்டாகிய நான் வெளியே நிற்க, அவள் உள்ளே போகிறாள். பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர எனக்கு வேலையில்லை. எரிச்சல் வந்ததா என்றால் இல்லை, தொண்டை அடைத்தது.

ஏனென்றால் அவள் திரும்பி வருவாளா மாட்டாளா என்பதை நான் முன்பே தீர்மானித்துவிட்டேன், தீர்மானிக்கிறேன் என்று தெரியாமலே. அவள் மனம் உடைந்து உட்கார்ந்திருந்த ஒரு நாளில், எல்லாவற்றிலும் கெட்டிக்காரியாக இருக்கத் தேவையில்லை என்று சொல்லிக் குடிக்க உட்காரலாம், அல்லது வெளியே இழுத்துப்போய்ப் பனிக்கட்டி எறிந்து விளையாடலாம். சூனியக்காரிகளின் கூட்டத்துக்கு அவளோடு நானும் போகலாம், அல்லது நீயே போய்ப் பேசிவிட்டு வா என்று விடலாம். இப்படிச் சின்னச் சின்ன இடங்கள்தான். உறைபனிக்குள் போகும்போது அவளுக்கு நினைவுக்கு வருவது இந்தக் காட்சிகள். வாள் அவள் கையில் இருக்கிறது, ஆனால் அவளை அவளாக நடத்தினேனா என்ற கணக்கு என்னிடம் இருக்கிறது. முதல் முறை நான் பாசம் என்று நினைத்துக்கொண்டு எல்லா இடத்திலும் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். அவள் திரும்பி வரவில்லை.

இலக்கணத்தில் சொன்னால், எழுவாய் யாராகவும் இருந்துவிட்டுப் போகட்டும், பயனிலையில் எனக்குப் பங்கு வேண்டும். 2010-இல் வந்த 'மாஸ் எஃபெக்ட் 2'-இன் கடைசிப் பயணத்திலும் சாகசமெல்லாம் கூட்டாளிகளுடையதுதான். ஆனால் யாரை எந்த வேலைக்கு அனுப்புவது என்பது நான் சொல்வது. தப்பான ஆளை அனுப்பினால் செத்துவிடுவார்கள். 'ஃபைனல் ஃபேன்டசி 10' கதையில் யாத்திரை போகிறவள் யூனா, சுமையும் அவளுடையது. நாம் நடத்திக்கொண்டு போகும் டைடஸோ இது என் கதை என்று சொல்லிக்கொண்டிருப்பான். ஆனால் சண்டையில் எல்லோரையும் நாமே இயக்குவதால் யார் பெரியவர் என்ற பிரச்சினையே எழுவதில்லை. அணியாக ஆடும் கேம்களில் இந்தப் புகார் குறைவாக இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். துணையை வசனத்தில் கட்டாமல் விரலில் கட்டுவது. 2001-இல் வந்த 'இகோ'வில் கொம்பு முளைத்த சிறுவன் ஒருவன் யோர்டா என்ற பெண்ணைக் கோட்டையிலிருந்து கூட்டிக்கொண்டு தப்பிக்கிறான். அவள் பேசும் மொழி அவனுக்குப் புரியாது. அடைத்த கதவுகள் அவளுக்குத்தான் திறக்கும், நிழல்கள் தேடி வருவதும் அவளைத்தான். எப்படிப் பார்த்தாலும் கதையின் நடுவில் இருப்பவள் அவள். ஆனால் அவள் கையைப் பிடிக்க ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் கை நழுவிவிடும். இழுத்துக்கொண்டு ஓடும்போது கன்ட்ரோலர் அதிர்கிறது. மூன்று மணி நேரம் அந்த விரல் வலித்தபின், யார் யாரை மறைக்கிறார்கள் என்ற கேள்வியே எனக்குத் தோன்றவில்லை.

'ஹாஃப் லைஃப் 2: எபிசோட் ஒன்' (2006) இதையே வேறுவிதமாகச் செய்தது. கோர்டன் ஃப்ரீமன் வாயே திறக்காதவன். கூட வரும் அலிக்ஸ் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுவாள், அவன் பேசாததைக் கிண்டலும் செய்வாள். இப்படி ஒருத்தி வந்தால் அவன் காணாமல் போய்விட வேண்டும் அல்லவா? சுரங்கப் பாதை இருட்டில் டார்ச் என்னிடம் இருக்கிறது. நான் எங்கே ஒளி அடிக்கிறேனோ அங்கே இருப்பதை அவள் சுடுவாள். சுடுகிறவள் அவள், காட்டுகிறவன் நான். டார்ச்சின் சார்ஜும் நான் வேகமாக ஓடுவதற்கான சக்தியும் ஒரே கணக்கில் தீரும். அதனால் பயந்து ஓடினால் அவளுக்கும் கண் தெரியாது. இந்த யோசனைக்காகவே அந்தச் சின்ன கேமை நான் யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

2018-இல் வந்த 'காட் ஆஃப் வார்' கேமில் க்ராடோஸின் மகன் அட்ரேயஸ் அம்பு விடுவதும் என் கன்ட்ரோலரில் ஒரு பொத்தான்தான். நடுவில் பையன் உடம்பு சரியில்லாமல் படுத்துவிடுகிறான், தகப்பன் தனியாகப் போகிறான். பழக்கதோஷத்தில் நான் அந்தப் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அம்பு வரவில்லை. பையன் இல்லை என்பதை எந்த வசனத்தையும்விட என் கட்டைவிரல் நன்றாகப் புரிந்துகொண்டது.

அதன் அடுத்த பாகம், 2022-இன் 'ராக்னராக்', வேறொரு தப்பைச் செய்தது. புதிர் இருக்கிற இடத்துக்குள் நுழைந்து சுற்றுமுற்றும் பார்ப்பதற்குள், கூட வருகிறவர் அதோ அதை உடைத்துப் பாருங்களேன் என்று ஆரம்பித்துவிடுவார். உங்கள் கேள்விக்கு இதுவும் சேர்த்தி. கதையின் உச்சத்தை மார்ட்டின் எடுத்துக்கொண்டது 30 மணி நேரத்துக்கு ஒருமுறை. இவர்கள் என் யோசனையைப் பறிப்பது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. எது பெரிய திருட்டு என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் காட்டுவேன். (என் தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து இதையேதான் செய்வான். ஆனால் அவனை வெளியே போகச் சொல்லலாம்.)

கடைசியாக டிரஹேர்ன் பற்றி. ஆன்லைன் கேம் ஆடுகிறவர்கள் இந்தக் கேள்வியைப் பார்த்ததும் இவரைத்தான் நினைத்திருப்பார்கள். 'கில்ட் வார்ஸ் 2' 2012-இல் வந்தது. அதில் ஒவ்வொருவருக்கும் சொந்தக் கதை என்று ஒன்று உண்டு. பாதிவரை அது நிஜமாகவே சொந்தமாக இருக்கும். அப்புறம் டிரஹேர்ன் வருவார். பெரும்படை திரட்டுவோம், தலைவர் அவர், தளபதி நான். பாழான நிலத்தைச் சுத்தப்படுத்தும் சடங்கை அவர் நடத்துவார், நான் சுற்றி நின்று வருகிறவர்களை அடித்து விரட்டுவேன். ஆட்டக்காரர்கள் கொதித்துப்போனார்கள், நானும்தான். என் சொந்தக் கதையில் நான் காவல்காரனா? அந்த மனிதர் நல்லவர், பணிவாகப் பேசுவார், எல்லாப் பெருமையும் உனக்கே என்பார். அது இன்னும் எரிச்சல். எத்தனையோ ஆயிரம் பேருக்கு ஒரே கதையைச் சொல்ல வேண்டிய கேமில், பெயர் சொல்லி அழைக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது என்ற நியாயமெல்லாம் அப்போது மண்டையில் ஏறவில்லை. தொலைந்தால் போதும் என்றுதான் இருந்தது.

2015-இல் அந்தக் கேமின் கூடுதல் பாகமாக 'ஹார்ட் ஆஃப் தோர்ன்ஸ்' வந்தது. அதில் எதிரி டிராகனின் பிடி டிரஹேர்னின் மனத்துக்குள் போய்விடுகிறது. அவர் உயிரோடு இருக்கிறவரை அதை முழுசாக ஒழிக்க முடியாது. என்னைக் கொன்றுவிடு என்று அவரே கேட்கிறார். அவருடைய வாள்தான் ஆயுதம். வேறு யாரும் வந்து செய்துவிடவில்லை, டிராகனாக மாறவில்லை, கல்லாகவில்லை. மூன்று வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் கடைசி அடியை ஒருவழியாக என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கன்ட்ரோலர், கீபோர்டு எதையும் தொடாமல் உட்கார்ந்திருந்தேன்.