தாடைக் கட்டி: சுரண்டினால் போதுமா, எலும்பையே வெட்ட வேண்டுமா?

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. வலது கீழ்த் தாடை ஒரு வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வீங்கி வந்தது. வலி இல்லாததால் விட்டுவிட்டான். கடைவாய்ப் பல் ஆட ஆரம்பித்த பிறகுதான் பல் டாக்டரிடம் போனோம். ஓபிஜி (தாடை முழுவதையும் காட்டும் எக்ஸ்ரே), பயாப்ஸி எல்லாம் எடுத்து ‘அமெலோபிளாஸ்டோமா’ என்கிறார்கள். ஒரு டாக்டர் சுரண்டி எடுத்தால் போதும் என்கிறார். இன்னொருவர் தாடை எலும்பில் ஒரு பகுதியை வெட்டி, காலிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும் என்கிறார். மாத்திரையிலேயே கரைத்துவிடலாம் என்று இணையத்தில் படித்தேன். இது கேன்சரா? யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: முதலில், இது கேன்சர் இல்லை. பல்லின் எனாமலை உருவாக்கும் திசுவிலிருந்து வளரும் கட்டி இது. உடலின் மற்ற இடங்களுக்குப் பரவுவது மிக மிக அரிது. ஆனால் இருக்கும் இடத்திலேயே எலும்பை அரித்துக்கொண்டு போகும், அரைகுறையாக எடுத்தால் திரும்ப வரும். கீழ்த் தாடையின் கடைவாய்ப் பகுதியில், 20 முதல் 40 வயதுக்குள் இருப்பவர்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம். வலி இல்லாமல் வளர்வது இதன் வழக்கம், அதனால் தாமதமாக வந்ததற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

இரண்டு டாக்டர்களும் இரண்டு விதமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெலோபிளாஸ்டோமாவில் வகைகள் உண்டு. பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்து, பெயருக்கு முன்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘கன்வென்ஷனல்’ என்று இருந்தால் ஒரு வழி, ‘யூனிசிஸ்டிக்’ என்று இருந்தால் இன்னொரு வழி.

கன்வென்ஷனல் வகையில், ஓபிஜி-யில் சோப்பு நுரை போலப் பல அறைகளாகத் தெரியும். பக்கத்துப் பற்களின் வேர்கள் கரைந்து குட்டையாகியிருக்கும், அதனால்தான் பல் ஆடும். இந்த வகையைச் சுரண்டி மட்டும் எடுத்தால் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் திரும்ப வந்ததாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. காரணம், கட்டியின் செல்கள் எலும்பின் உள்ளே இருக்கும் பஞ்சு போன்ற பகுதிக்குள் புகுந்துவிடுகின்றன. வெட்டியெடுத்த தாடைகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது, எக்ஸ்ரேயில் தெரியும் விளிம்பைத் தாண்டி 2 முதல் 8 மில்லிமீட்டர் வரை செல்கள் போயிருந்தன. சுரண்டும் கருவிக்கு அது எட்டாது. அதனால்தான் விளிம்பைத் தாண்டி 1 முதல் 2 செ.மீ. நல்ல எலும்பையும் சேர்த்து எடுக்கிறோம். தம்பிக்கு இந்த வகை என்றால், வெட்டச் சொல்கிறவர் பக்கம்தான் நான் நிற்பேன். முதல் ஆபரேஷனே சரியாக அமைய வேண்டும். திரும்ப வந்த கட்டி சுற்றியுள்ள தசைக்குள்ளும் போயிருக்கலாம், அப்போது வெட்ட வேண்டிய அளவும் கூடும்.

யூனிசிஸ்டிக் என்றால் கட்டி ஒரே பையாக இருக்கும். அந்தப் பையின் உள்பக்கத்தோடு நின்றுவிட்டால், முழுதாகத் தோண்டி எடுத்து, தொடர்ந்து கண்காணித்தாலே பெரும்பாலும் போதும். பையின் சுவருக்குள்ளேயே செல்கள் ஊடுருவியிருந்தால் (ரிப்போர்ட்டில் ‘மியூரல்’ என்று வரும்) அதை கன்வென்ஷனல் போலத்தான் நடத்த வேண்டும் என்று நிறைய பேர் கருதுகிறோம். இங்கே ஒரு சிக்கல்: பயாப்ஸிக்கு எடுப்பது சின்னத் துண்டு. அதில் மியூரல் பகுதி அகப்படாமல் போகலாம். தோண்டி எடுத்த பிறகு முழுப் பையையும் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியும். அந்த இரண்டாவது ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்காமல் விடாதீர்கள்.

வெட்டுவது என்றதும் தாடையே போய்விடும் என்று பயப்பட வேண்டாம். கட்டிக்குக் கீழே 1 செ.மீ. அளவாவது நல்ல எலும்பு மிஞ்சும் என்று சிடி ஸ்கேனில் தெரிந்தால், கீழ் விளிம்பை விட்டுவிட்டு மேல் பகுதியை மட்டும் எடுக்கலாம். அப்போது தாடை தொடர்ச்சியாகவே இருக்கும். ஓபிஜி தட்டையான படம், எலும்பு உள்பக்கமும் வெளிப்பக்கமும் எவ்வளவு அரித்திருக்கிறது என்று அதில் தெரியாது. சிடி எடுக்காமல் எந்த முடிவுக்கும் சம்மதிக்காதீர்கள்.

கீழ் விளிம்பையும் சேர்த்துத் தாடையின் முழுத் துண்டையே எடுக்க வேண்டி வந்தால், ஃபிபுலா என்ற, கீழ்க்காலின் வெளிப்பக்கத்து மெல்லிய எலும்பை அதன் ரத்தக் குழாயோடு எடுத்து வைக்கிறார்கள். 1989 முதல் தாடைக்கு இப்படிச் செய்து வருகிறார்கள். உடல் எடையைப் பெரும்பாலும் பக்கத்து எலும்பு தாங்குவதால் தம்பி மறுபடி நன்றாக நடப்பார். எலும்பு ஒட்டிய பிறகு அதிலேயே இம்ப்ளான்ட் பல்லும் கட்டலாம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: தாடைக்குள் ஓடும் நரம்பையும் எடுக்க வேண்டி வந்தால், கீழ் உதட்டில் ஒரு பக்கம் மரத்துப்போகும். செலவு விஷயத்தில், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இது வருமா என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள்.

இப்போது மாத்திரை. நீங்கள் படித்தது வெறும் வதந்தி அல்ல. இந்தக் கட்டிகள் பலவற்றில், முக்கியமாகக் கீழ்த் தாடையில் வருபவற்றில், ‘பிராஃப் வி600இ’ என்ற மரபணு மாற்றம் இருப்பதை 2014-ல் கண்டுபிடித்தார்கள். ஒரு வகைத் தோல் கேன்சரிலும் இதே மாற்றம் உண்டு, அதற்கு ஏற்கனவே மருந்து இருந்தது. டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் மாத்திரைகளைக் கொடுத்ததில், திரும்பத் திரும்ப வந்து பரவியும் விட்ட கட்டி சுருங்கியதை 2015-ல் பதிவு செய்தார்கள். அப்புறம் இஸ்ரேலில் 11 பேருக்கு முதலில் மாத்திரை கொடுத்து, கட்டி சுருங்கி எலும்பு மீண்டும் வளர்ந்த பிறகு, பெரும்பாலோருக்குத் தாடையை வெட்டாமல் மிச்சத்தை மட்டும் எடுத்திருக்கிறார்கள். இந்தத் துறையில் இருக்கும் எனக்கு இது மிகவும் நம்பிக்கை தரும் செய்தி. ஆனால் 11 பேரை வைத்து வழக்கமான சிகிச்சையை மாற்ற முடியாது. அவர்களில் பெரும்பாலோருக்கும் கடைசியில் அறுவை தேவைப்பட்டது. மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிட வேண்டும், விலை அதிகம், காய்ச்சல், தோல் தடிப்பு போன்ற தொல்லைகளும் வரும். அறுவை செய்ய முடியாத அளவு பெரிதானவர்களுக்கும், பலமுறை திரும்ப வந்தவர்களுக்கும்தான் இப்போதைக்கு இதை யோசிக்கிறோம். இதை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம்.

இருந்தாலும் பிராஃப் சோதனையைச் செய்துவைப்பது நல்லது. அதற்காகத் தம்பியை மறுபடி குத்த வேண்டியதில்லை. பயாப்ஸி துண்டை மெழுகில் பதித்து ‘பிளாக்’ என்று லேபில் வைத்திருப்பார்கள், அதிலிருந்தே பார்க்கலாம். வேறு ஊரில் சிகிச்சை என்றால் அந்த பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

எந்த ஆபரேஷன் செய்தாலும் முதல் 5 வருடம் டாக்டர் சொல்லும் இடைவெளியில் தவறாமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். திரும்ப வருபவை அந்தக் காலத்தில்தான் அதிகம். 10 வருடம் கழித்துத் திரும்பியதும் உண்டு, அதனால் அதற்குப் பிறகும் வருடம் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள்.