கடைக்காரர் காட்டும் ஹார்ட் டிஸ்க்குகளில் எதை வாங்குவது?

தஞ்சாவூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: பதினைந்து ஆண்டுக் குடும்பப் படங்கள், மகளின் திருமண வீடியோ, ஸ்கேன் செய்த நிலப் பத்திரங்கள் எல்லாம் சேர்ந்து மடிக்கணினியில் சுமார் 700 ஜி.பி. நிறைந்துவிட்டது, கணினியும் மந்தமாகிவிட்டது. கடையில் பெயர் தெரிந்த நிறுவனத்தின் 2 டி.பி. (1 டி.பி. என்பது சுமார் 1,000 ஜி.பி.) போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் ஒன்றையும், பாதி விலையில் பெயர் தெரியாத 1 டி.பி. ஒன்றையும் காட்டி, உள்ளே எல்லாம் ஒன்றுதான் என்கிறார்கள். மருமகனோ இணையத்தில் 2,000 ரூபாய்க்கு 16 டி.பி. எஸ்.எஸ்.டி. (சுழலும் தகடு இல்லாமல் சில்லுகளில் தரவைச் சேமிக்கும் டிஸ்க்) கிடைக்கிறது என்கிறார். எதை வாங்குவது? நகல் எடுத்தபின் மடிக்கணினியில் இருப்பவற்றை அழித்துவிடலாமா?

இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். எதை வாங்குவது என்பதற்கான விடையும் அதில்தான் இருக்கிறது. மடிக்கணினியிலிருந்து இப்போதைக்கு எதையும் அழிக்காதீர்கள். படங்களை ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு மூலத்தை அழித்துவிட்டால் உங்களிடம் பேக்கப் என்று எதுவும் இல்லை. மடிக்கணினியில் இருந்த ஒரே பிரதி, கைதவறிக் கீழே விழக்கூடிய ஒரு பெட்டிக்குள் இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். படங்களை இழந்து என்னிடம் வருபவர்களில் பலர் பேக்கப் எடுத்துவிட்டோம் என்ற நம்பிக்கையில் மூலத்தை அழித்தவர்கள் என்பதால் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஆகவே 4 டி.பி.யில் ஒன்று வாங்குவதைவிட 2 டி.பி.யில் இரண்டு வாங்குங்கள். இரண்டும் வெவ்வேறு நிறுவனத்தினுடையவையாக இருக்கட்டும். ஒரே நாளில் ஒரே தொகுப்பிலிருந்து வந்த இரண்டு டிஸ்க்குகளுக்கு ஒரே குறை இருக்க வாய்ப்புண்டு. இரண்டையும் இப்போதே வாங்க இயலாவிட்டால் ஒன்றை வாங்கிக்கொண்டு, அடுத்தது வரும்வரை மடிக்கணினியில் இருப்பதை அப்படியே விட்டுவையுங்கள். 1 டி.பி. உங்களுக்கு இன்று போதும் என்றாலும் விரைவில் நிறைந்துவிடும். அதைக் கணினியில் செருகினால் 931 ஜி.பி. என்றுதான் காட்டும், இது ஏமாற்று அன்று. நிறுவனங்கள் ஒரு லட்சம் கோடி பைட்டை 1 டி.பி. என்கின்றன, விண்டோஸ் அதை 1,024 என்ற எண்ணால் திரும்பத் திரும்ப வகுத்துக் கணக்கிடுகிறது. அதே கணக்கில் 2 டி.பி. டிஸ்க் 1.81 டி.பி. என்று தெரியும்.

எஸ்.எஸ்.டி. நல்ல பொருள்தான், வேகமானது, கீழே விழுந்தாலும் பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் அதே கொள்ளளவுக்கு விலை கணிசமாகக் கூடுதல். தவிர, அதில் தரவு மின்னேற்றமாகச் சேமிக்கப்படுவதால், ஆண்டுக்கணக்கில் மின்சாரத்தில் இணைக்காமல் பீரோவில் வைத்தால் அந்த மின்னேற்றம் மெல்லக் கசியக்கூடும், நம் ஊர் வெயிலில் இன்னும் சற்று விரைவாக. எடுத்து வைத்துவிட்டு எப்போதாவது பார்க்கும் உங்கள் தேவைக்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க்கே போதும்.

மருமகன் காட்டிய 16 டி.பி. எஸ்.எஸ்.டி.யை வாங்கவே வேண்டாம். அந்த விலையில் அந்தக் கொள்ளளவு உலகில் எங்கும் கிடையாது. இப்படிப்பட்ட ஒன்றைத் திறந்து பார்த்தால், கனமான உலோக உறைக்குள் விரல் நீளத்துக்கு ஒரு மின்சுற்றுப் பலகையும், அதில் செருகிப் பசையால் ஒட்டிய ஒரு மைக்ரோ எஸ்டி கார்டும்தான் இருக்கும். தன் கொள்ளளவு 16 டி.பி. என்று கணினியிடம் பொய் சொல்லும்படி அந்தப் பலகையில் உள்ள மென்பொருளை மாற்றி எழுதியிருப்பார்கள். முதல் சில ஜி.பி. ஒழுங்காகப் பதிவாகும். அதன்பின் வரும் கோப்புகள் பழையவற்றின் மேலேயே எழுதப்படும், அல்லது எங்கும் எழுதப்படாமலே போகும். ஆனால் கோப்பின் பெயரும் அளவும் திரையில் சரியாகவே தெரிவதால் வாங்கியவருக்குச் சந்தேகம் வராது. பல மாதங்கள் கழித்துத் திருமண வீடியோவைத் திறக்கும்போதுதான் எதுவும் ஓடாது. இது இன்று நேற்றுத் தொடங்கிய மோசடி அன்று. பெரிய இணையச் சந்தைகளில் இவை நட்சத்திர மதிப்பீடுகளோடு விற்கின்றன, ஒரு விற்பனையாளரை நீக்கினால் மறுவாரமே வேறு பெயரில் வருகிறார், சந்தையை நடத்துபவர்கள் தாங்கள் வெறும் இடைத்தரகர்கள் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள், நுகர்வோர்தான் ஒவ்வொருவராக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

கடைக்காரர் காட்டிய பாதி விலை ஹார்ட் டிஸ்க்கின் தந்திரம் வேறு. இன்று உலகில் ஹார்ட் டிஸ்க் தயாரிப்பவை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்கள் மட்டுமே. வேறு எந்தப் பெயர் போட்டு விற்றாலும் உள்ளே இருப்பது இம்மூவரில் ஒருவருடையதுதான். அந்த வகையில் கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. ஆனால் அந்த டிஸ்க் எத்தனை ஆண்டு எங்கே ஓடியது என்பதை அவர் சொல்லமாட்டார். அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய மடிக்கணினிகளிலிருந்து ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் காலி கேசிங்கில் (யு.எஸ்.பி. முனையுள்ள வெளி உறையில்) போட்டு, புதிய அட்டைப்பெட்டியில் வைத்துவிட்டால் அது புது போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் ஆகிவிடுகிறது.

இதைக் கண்டுபிடிக்கக் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. டிஸ்க்கைச் செருகி அதைத் திறந்தால், வலப்பக்க மேல் மூலையில் பவர் ஆன் ஹவர்ஸ் என்ற வரி தெரியும். அந்த டிஸ்க் இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்ற கணக்கு அது. புதியதென்றால் பூஜ்யத்தையோ ஒற்றை இலக்கத்தையோதான் காட்ட வேண்டும். புதிது என்று விற்கப்பட்ட ஒன்றில் அந்த எண் பதினோராயிரத்தைத் தாண்டி நின்றதை நானே பார்த்திருக்கிறேன். கீழே வரும் பட்டியலில் ரீஅலோகேட்டட் செக்டர்ஸ், கரன்ட் பென்டிங் செக்டர் ஆகியவற்றின் மூல மதிப்பு (ரா வேல்யூஸ் என்ற பத்தியில் உள்ள எண்) பூஜ்யமாக இல்லாவிட்டால், உள்ளே பரப்பு கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். ஆனால் இந்த எண்களையும் பூஜ்யமாக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சர்வர்களில் பல்லாயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளின் கணக்கை அழித்துவிட்டு, இடையில் புகுந்தவர்கள் அவற்றைப் புதியவை என்று விற்றது 2025 ஜனவரியில் ஜெர்மனியில் வெளிவந்தது. ஆகவே மென்பொருள் நல்லது என்று சொன்னால் மட்டும் போதாது. பெட்டியும் பில்லும் சரியாக இருக்க வேண்டும்.

கேசிங் போட்ட டிஸ்க் கூடாது என்பதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு, அது உங்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நாளை உங்கள் மடிக்கணினியின் வேகத்தைக் கூட்ட அதில் எஸ்.எஸ்.டி. போடுவீர்களானால், கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க் உங்கள் கையில் மிஞ்சும். அதன் வரலாறு உங்களுக்குத் தெரியும். எந்த ஆண்டு வாங்கியது, கீழே விழுந்ததா, சத்தம் வந்ததா என்பதெல்லாம் யாரையும் கேட்காமல் உங்களுக்கே தெரியும். அதைக் கேசிங்கில் போட்டு மூன்றாவது நகலுக்கு வைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால் மேலே சொன்ன இரண்டு செக்டர் எண்களும் பூஜ்யமாக இருக்க வேண்டும். மூன்றாவது நகலாக மட்டுமே அது இருக்க வேண்டும்; முதல் இரண்டில் ஒன்றாக அதை எண்ணக்கூடாது. கழற்றும் வேலையைக் கடையில் செய்தால், கண்முன்னே கழற்றச் சொல்லி அதே டிஸ்க்கை, சீரியல் எண்ணைப் பார்த்துக்கொண்டு, கையோடு வாங்கி வாருங்கள். பழசுதானே, நாங்களே வைத்துக்கொண்டு 500 ரூபாய் கழித்துக்கொள்கிறோம் என்று சொல்லும் கடையில் அதைக் கொடுத்துவிட்டால், உங்கள் பத்திரங்களும் படங்களும் இன்னொருவர் வாங்கும் 'புது' ஹார்ட் டிஸ்க்குக்குள் போய்ச் சேரும். அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன் என்பது காப்பு ஆகாது. சாதாரணமாக அழித்தவற்றை இலவச மென்பொருளாலேயே மீட்கலாம்.

கடையில் பெட்டியைத் திறக்கும் முன் அதன் முதுகைப் படியுங்கள். இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, எந்த நாட்டில் தயாரானது, புகார் செய்ய எண் ஆகியவை பொட்டலப் பொருள்கள் விதிப்படி அச்சிட்டிருக்க வேண்டும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். இவை இல்லாதது வேறு நாட்டுச் சந்தைக்கென வந்த சரக்காகவே இருக்கும், இங்கே அதற்கு உத்தரவாதம் கிடைப்பது அரிது. பில் வேண்டாமென்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி.யைக் குறைத்துத் தருகிறேன் என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். பில்லில் டிஸ்க்கின் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள்; அந்த எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டால் உத்தரவாதம் எதுவரை என்பது தெரியும்.

அந்த உத்தரவாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிஸ்க் கெட்டால் நிறுவனம் வேறு டிஸ்க் தரும். உள்ளே இருந்த தரவுக்குப் பொறுப்பேற்காது. அதுமட்டுமன்று, கெட்ட டிஸ்க்கை உங்கள் நிலப் பத்திரங்களோடு சேர்த்து அவர்களிடம் ஒப்படைத்தால்தான் மாற்றுத் தருவார்கள், தரும் மாற்றும் பல நேரங்களில் பழுதுபார்த்துத் திரும்ப வந்ததாகவே இருக்கும். சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்காக ஒருவர் தம் வாழ்நாள் ஆவணங்களை முகமறியாத கிடங்குக்கு அனுப்ப வேண்டும் என்ற இந்த ஏற்பாடு எத்தனை ஆண்டுகள்தான் இப்படியே நீடிக்குமோ, எனக்குத் தெரியவில்லை.

வாங்கி வந்ததும் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சோதியுங்கள். 2 டி.பி.க்கு ஓர் இரவு முழுவதும் ஆகலாம். பிழையின்றி முடிந்தால் சோதனைக் கோப்புகளை நீக்கிவிட்டுப் படங்களை நகலெடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது டிஸ்க்கை மேசையிலிருந்து தூக்காதீர்கள், திரையில் 'இஜெக்ட்' கொடுத்து வெளியேற்றிய பிறகே கேபிளை உருவுங்கள். நகலெடுத்து முடித்ததும் கணினியோடு இணைத்தபடியே விட்டுவிடக்கூடாது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் வந்தால் அது இணைந்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்தே பூட்டும். இரண்டாவது டிஸ்க் உங்கள் வீட்டில் வேண்டாம், மகள் வீட்டில் இருக்கட்டும்.

என்றாவது டிஸ்க் 'டிக் டிக்' என்று ஒலித்தால் உடனே கேபிளை உருவிவிடுங்கள். விண்டோஸ் ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் செய்யாதீர்கள். பக்கத்துக் கடையில் மீட்டுத் தருகிறோம் என்பார்கள். அவர்களில் பலர் டிஸ்க்கை வாங்கி வேறொருவருக்கு அனுப்பித் தரகு எடுப்பவர்கள், சிலர் சாதாரண மேசையிலேயே திறந்துவிடுபவர்கள். டிஸ்க்கைப் படிக்கும் முனை தகட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அங்கே ஒரு தூசி விழுந்தால் மீட்க இருந்ததும் போய்விடும். தூசியற்ற அறை உங்களிடமே உள்ளதா, தரவு கிடைக்காவிட்டால் கட்டணம் உண்டா என்ற இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்காமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். யு.எஸ்.பி. முனை உடைந்தால் கேசிங்கை மட்டும் மாற்றிவிடலாம் என்பதையும் நம்ப வேண்டாம். இப்போதைய போர்ட்டபிள் டிஸ்க்குகள் பலவற்றில் அந்த முனை உள்ளிருக்கும் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது.

நகலெடுக்கும்போது திருமண வீடியோவிலிருந்து தொடங்குங்கள். பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம், பட்டாவை இணையத்திலேயே எடுக்கலாம். வீடியோவுக்கு அப்படி ஒரு வழி இல்லை. அதை எடுத்த ஸ்டுடியோவில் மூலப் பதிவு இன்னும் இருக்கிறதா என்று இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்; இடம் போதாமல் பல ஸ்டுடியோக்கள் பழையவற்றை அழித்துக்கொண்டே வருகின்றன.