அந்த 5,200 ரூபாய் எங்கிருந்து வருகிறது, தம்பி?

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு வயது 46. மதுரை செல்லூரில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சொந்தமாக டூரிஸ்ட் வேன் வைத்து ராமேஸ்வரம், கொடைக்கானல் என்று ஓட்டிக்கொண்டிருந்தவன். கொரோனாவில் தொழில் படுத்தது. 2021-இல் ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியை எடுத்துப்போய் ஏலம் விட்டுவிட்டார்கள். பாக்கி என்று மாதம் 4,000 இன்னும் கட்டுகிறேன். இப்போது இன்னொருவர் வண்டிக்கு டிரைவர். சம்பளம், பேட்டா எல்லாம் சேர்த்து மாதம் 15,500 வரும். வாடகை 5,500. மளிகை, பால், காய்கறி 6,500. கேஸ், கரண்ட் 1,300. பிள்ளைகளின் டியூஷன், நோட்டு 2,200. அம்மாவின் சுகர் மாத்திரை 1,200. தனியாரில் படித்துக்கொண்டிருந்த மகளை 2021-இல் அவமானத்தை விழுங்கிக்கொண்டு மாநகராட்சிப் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்த்தேன். இப்போது பத்தாவது. மனைவி வேலைக்குப் போகவில்லை, வீட்டில்தான் இருக்கிறாள். மகளிர் உரிமைத் தொகை 1,000 வருகிறது. பொழுதுபோகாமல் பூ கட்டிக் கொடுப்பாள். இத்தனை கஷ்டத்திலும் புதிதாக ஒரு பைசா கடன் வாங்கவில்லை.

வரும் தை மாதம் உசிலம்பட்டியில் தங்கை பிள்ளைகள் இருவருக்கும் காதணி விழா. நான் ஒரே தாய்மாமன். 2018-இல் தங்கை வீட்டுப் பால்காய்ப்புக்கு 51 தட்டு வரிசை கொண்டுபோனவன். இப்போது ஒன்றரை லட்சமாவது வேண்டும். மனைவியிடம் அவள் அண்ணன் போட்ட நாலு பவுன் சங்கிலி ஒன்று மிச்சம் இருக்கிறது. அடகு வைத்துத் திருப்பிவிடலாம் என்றால் முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறாள். அவளை எப்படிச் சம்மதிக்க வைப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மதுரை

பதில்: தம்பி, உங்கள் மனைவியைச் சம்மதிக்க வைக்க நான் வழி சொல்லப்போவதில்லை. நீங்கள் எழுதிய செலவை எல்லாம் உட்கார்ந்து கூட்டினேன். ஃபைனான்ஸ் பாக்கியையும் சேர்த்தால் 20,700 ரூபாய். உங்கள் வரவு 15,500. மாதா மாதம் 5,200 துண்டு விழுகிறது. புதுக்கடன் ஒரு பைசா இல்லை என்று மார்தட்டுகிறீர்கள். அப்படியானால் அந்த 5,200 எங்கிருந்து வருகிறது?

நீங்கள் கேட்டுப் பார்த்ததே இல்லை என்று தெரிகிறது. நான் சொல்கிறேன். உரிமைத் தொகை 1,000. அது போக மிச்சம் 4,200. அது பூவில் வருகிறது. வேறு எங்கிருந்து வரும்? உங்கள் வீட்டுச் செலவில் ஏறக்குறையக் கால்வாசி அந்த அம்மாள் கையால் நடக்கிறது. மகளிர் சங்கத்தில் லோன் எடுத்து உங்களிடம் மறைத்திருந்தால் தவிர, வேறு கணக்கு இல்லை. அப்படி மறைத்திருந்தால் அது இதைவிட மோசம். அதையும் இன்று இரவே கேட்டுவிடுங்கள்.

பொழுதுபோகாமல் கட்டுகிறாளாம்! பகலில் வீட்டில் இருக்கும் நாள் கொஞ்சம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கடைக்காரர் பையில் மல்லி மொட்டுகளை எடைபோட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். ஈரத்துணி விரித்து, அதில் கொட்டி, நூலின் ஒரு முனையைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், மொட்டு விரிவதற்குள் கட்டி முடித்தாக வேண்டும். விரிந்த மல்லியைக் கடைக்காரர் வாங்க மாட்டார். நடுவில் மாமியார் தண்ணீர் கேட்டால் எழுந்து போய்க் கொடுத்துவிட்டு வந்து, விட்ட நேரத்தை விரலில்தான் ஈடுகட்ட வேண்டும். நூல் ஓடிய இடத்தில் ஆள்காட்டி விரல் ஓரம் தோல் தடித்துக் கிடக்கும். பார்த்திருக்கிறீர்களா?

கூலி கிலோவுக்கு இவ்வளவு என்றுதான். மார்கழி, தை பனியில் மல்லி கிலோ 2,000, 3,000 என்று ஏறினதாகப் பேப்பரில் படித்துவிட்டு, ‘பூக்காரிக்கு யோகம்’ என்று நீங்களும் பேசியிருப்பீர்கள். விலை ஏறுவது வரத்து குறைந்ததால். வரத்து குறைந்தால் கட்டுவதற்குக் கிலோவும் குறையும், கூலியும் குறையும். உங்கள் தங்கை வீட்டு விசேஷம் வரும் அதே தை மாதத்தில்தான் உங்கள் வீட்டில் பூக்காசு இளைத்திருக்கும். அந்த மாதம் பார்த்துச் சங்கிலியைக் கேட்கிறீர்கள்.

உங்கள் வீட்டில் மட்டும் நடக்கிற கதை இல்லை இது. இந்த அஞ்சாறு வருஷத்தில் எனக்கு வருகிற கடிதங்களில் பாதி இந்த வகைதான். வேன்காரர், பந்தல்காரர், கல்யாணச் சமையல் மாஸ்டர், மைக்செட்காரர் என்று விசேஷத்தையும் கூட்டத்தையும் நம்பிப் பிழைத்தவர்கள். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தது. அந்த வருஷமும் அடுத்த வருஷமும் சித்திரைத் திருவிழா ஜனமே இல்லாமல் நடந்தது, அழகர் ஆற்றில் இறங்கவில்லை. மதுரையில் வேன் வைத்திருப்பவருக்கு இரண்டு சித்திரை போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2020 ஆகஸ்ட் 31 வரை தவணை கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி சலுகை கொடுத்தது. தவணைதான் தள்ளிப்போனது, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. அதில் மாட்டினவர்தான் நீங்கள். அது உங்கள் தப்பில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். ஆண் சம்பாத்தியம் விழுந்த வீட்டிலெல்லாம் பெண்கள் கையைக் கொடுத்துத் தூக்கினார்கள். மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில், 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து 2017-18-இல் நூற்றுக்கு 23 பேர். 2023-24-இல் 41.7. இதைப் பெரிய முன்னேற்றம் என்று மேடையில் பேசுகிறார்கள். நான் அவ்வளவு சந்தோஷப்படவில்லை. ஏறினதில் பெரும்பங்கு மாதச் சம்பளத்தில் இல்லை, சொந்தமாகச் சின்னத் தொழில், வீட்டுத் தொழிலில் சம்பளமில்லாத உதவி என்று ஏறியது. அதிலும் ஒன்று: கணக்கெடுக்க ஆள் வந்து, வாசலில் நின்று நீங்கள் பதில் சொல்லியிருந்தால் உங்கள் மனைவி அந்த 41-இல் வந்திருக்கவே மாட்டார். ‘வீட்டில்தான் இருக்கிறாள்’ என்றல்லவா சொல்லியிருப்பீர்கள்.

உங்களையும் எந்தக் கணக்கும் பிடிக்காது. நிதி ஆயோக் கணக்குப்படி தமிழ்நாட்டில் வறுமை 2015-16-இல் 4.76 சதவீதம், 2019-21-இல் 2.20. அந்தக் கணக்கில் கேஸ் அடுப்பு உண்டா, கழிப்பறை உண்டா, கரண்ட் உண்டா, பேங்க் கணக்கு உண்டா, பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்பது மாதிரியானவற்றைத்தான் பார்ப்பார்கள். வருமானம் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் எல்லாம் இருக்கிறது. முதலாளியாக இருந்தவர் டிரைவராக இறங்கியது அதில் எங்கும் தெரியாது. சொந்தபந்தத்துக்கும் தெரியக்கூடாது என்றுதான் அந்த 51 தட்டைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

சரி, சீருக்கு வருகிறேன். ‘கஷ்டகாலம், போகாமல் இருந்துவிடுங்கள்’ என்று சொல்கிற ஆள் நானில்லை. தாய்மாமன் முறை கட்டாயம் செய்ய வேண்டும். பிள்ளைக்குக் காது குத்தும்போது உட்காருகிற மடி மாமன் மடிதான், அதற்கு மாற்று ஆள் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் மடியிலா உட்கார வைப்பார்கள்? அதனால் போங்கள். இரண்டு பிள்ளைக்கும் சின்னதாகக் கம்மல், உடுத்த ஒரு துணி, தேங்காய் பழம், வெற்றிலைப் பாக்கு. ஒற்றைப்படையில் ஐந்தோ ஏழோ தட்டு. தங்கை வீட்டார் உங்களுக்கு முன்னால் செய்த மொய் என்னவென்று நோட்டை எடுத்துப் பாருங்கள். அந்தத் தொகையை மட்டும் குறைக்காதீர்கள். மொய் திரும்பித் தர வேண்டிய கடன், அதில் பிசகினால் நாலு பேர் பேசுவதில் நியாயம் உண்டு. கிடாயும் பேண்டு வாத்தியமும் வேனில் ஆள் ஏற்றிப்போவதும் யாருக்கும் நீங்கள் பட்ட கடன் இல்லை.

சங்கிலி விஷயம். அவள் அண்ணன் போட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு எப்படி ஒரு தங்கையோ, அதே மாதிரி அவளும் ஒரு அண்ணனுக்குத் தங்கைதானே? அந்த அண்ணன் செய்த சீரைக் கழற்றி உங்கள் தங்கைக்குச் சீர் செய்வீர்கள், சபையில் பெயர் உங்களுக்கு. இதற்கு அவள் எதற்கு முகம் கொடுத்துப் பேச வேண்டும்? நானாக இருந்தால் சோறும் போட்டிருக்க மாட்டேன்.

திருப்பிவிடலாம் என்கிறீர்களே, எதை வைத்து? ஒன்றரை லட்சத்துக்கு மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்று குறைத்தே வைத்தாலும் 1,500 ரூபாய். ஏற்கெனவே துண்டு விழுகிற வீட்டில் அதையும் பூக்காசுதான் கட்ட வேண்டும். 4,200-இல் 1,500 அங்கே போய்விடும். தன் நகைக்குத் தானே பூக்கட்டி வட்டி கட்டுவாள், அசல் அப்படியே நிற்கும். அரசு தள்ளுபடி செய்யும் என்று நினைப்பு இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். 2021-இல் கூட்டுறவு வங்கிகளில் 5 பவுன் வரை தள்ளுபடி என்று அறிவித்தபோது, நிபந்தனைகளில் அடிபட்டுப் பட்டியலில் வராமல் போனவர்கள்தான் அதிகம்.

தங்கையிடம் போனில் சொல்லாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு உசிலம்பட்டிக்குப் போங்கள். பத்திரிகை அடிப்பதற்கு முன்னால், மாப்பிள்ளையும் கூட இருக்கும்போது, இவ்வளவுதான் செய்ய முடியும் என்று சொல்லுங்கள். ‘எங்க வீடு ஓடுறதே உங்க அண்ணி பூக்கட்டுற காசுலயும்தான்’ என்று உங்கள் வாயால் தங்கையிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்ல நாக்கு எழவில்லை என்றால் உங்களுக்குப் பணத்தால் வந்த கஷ்டம் இல்லை. தங்கை முகம் சுளித்தாலும் சுளிக்கட்டும். கூடப் பிறந்தவள், இரண்டு மாதத்தில் சரியாகிவிடுவாள்.

இன்னொன்று, மகளை மாநகராட்சிப் பள்ளியில் சேர்த்ததை அவமானம் என்று எழுதியிருப்பது. கொரோனாவுக்குப் பிறகு நீங்கள் ஒழுங்காகச் செய்த காரியமே அதுதான், அதற்குப் போய் வெட்கப்படுகிறீர்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் காலேஜுக்குப் போனால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். மாநகராட்சிப் பள்ளியும் அதில் சேர்த்திதான். பத்தாவது முடித்ததும் ‘ஜாதிசனம் மதிக்கும்’ என்று தனியார் பள்ளிக்கு மாற்றித் தொலைக்காதீர்கள்.

ஃபைனான்ஸ் பாக்கி 4,000-ஐ வாய்க்கணக்கில் கட்டிக்கொண்டே போவது சரியில்லை. வண்டி எவ்வளவுக்கு ஏலம் போனது, அதில் எவ்வளவு கழித்தார்கள், மீதி அசல் எவ்வளவு, எத்தனை மாதம் பாக்கி என்று எழுத்தில் கேளுங்கள், ஸ்பீடு போஸ்டில். ரிசர்வ் வங்கியில் பதிவாகி, அதன் குறைதீர்ப்புத் திட்டத்தில் வருகிற நிறுவனமாக இருந்து, 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம், கட்டணம் இல்லை. 14448 என்ற எண்ணில் விவரம் சொல்வார்கள். மொத்தமாகப் பேசி முடிக்க வழியிருந்தால் அதற்காகச் சங்கிலியை விற்பதா வேண்டாமா என்று யோசிக்கலாம். அதையும் முடிவு செய்ய வேண்டியது உங்கள் மனைவி.

இந்த இதழ் உங்கள் கைக்கு வருவதற்குள் மிரட்டியோ கெஞ்சியோ சங்கிலியை வாங்கி அடகுக்கடையில் வைத்திருந்தீர்கள் என்றால், பணத்தை வீட்டில் வைத்திருக்காதீர்கள். கம்மலுக்கும் துணிக்கும் ஆவதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை மறுநாளே கொண்டுபோய் அசலில் கட்டுங்கள். கிடாய்க்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அது போகட்டும். அடகுச் சீட்டை மனைவி கையில் கொடுத்துவிடுங்கள்.