லினக்ஸில் வேலரண்ட்: விண்டோஸை அழிக்கும் முன்

வணக்கம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால் முழுமையாக லினக்ஸுக்கு மாறலாமா, எல்டன் ரிங், வேலரண்ட் ஆகிய விளையாட்டுகள் அதில் ஓடுமா என்று கேட்டிருந்தீர்கள். முதலாவதைப் பற்றிக் கவலை வேண்டாம். 2018இல் வால்வ் நிறுவனம் வெளியிட்ட, விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்கும் புரோட்டான் என்ற மென்பொருள், விண்டோஸின் வரைகலை இடைமுகமான டைரக்ட்எக்ஸின் அழைப்புகளை லினக்ஸிலும் இயங்கும் வல்கனுக்கு மாற்றித் தருவதால், அந்நிறுவனத்தின் விளையாட்டுக் கடையான ஸ்டீம் வழியாக நிறுவினால் ஓடும். வேலரண்ட் ஓடாது. அதன் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளான வேன்கார்ட், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே இயங்குவது. புரோட்டானால் அந்த ஆழத்துக்குச் செல்ல இயலாது. இனிவரும் தடை தொழில்நுட்பத்தைவிட நிறுவனங்களின் விருப்பத்தையே சார்ந்தது என்று கருதுகிறேன்: ஈஸி ஆன்டி-சீட் என்ற இன்னொரு ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் 2021 முதல் புரோட்டானை ஆதரித்தும், அதைப் பயன்படுத்தும் ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் விளையாட்டு 2024இல் லினக்ஸ் பயனர்களைத் தடுத்துவிட்டது. வேலரண்டை விட மனமில்லையெனில், தனி எஸ்எஸ்டியில் லினக்ஸை நிறுவிக்கொண்டு, விண்டோஸை அந்த ஒரு விளையாட்டுக்கு மட்டும் வைத்திருங்கள்.