பதில்: இளம் குவாட்டர்பேக்குக்குத் தற்காப்புப் பயிற்சியாளரா?

அமெரிக்கக் கால்பந்தில் தாக்குதலை வழிநடத்திப் பந்தை எறிபவர் குவாட்டர்பேக். அப்படியொரு இளம் வீரரை வைத்துக்கொண்டு தற்காப்புப் பக்கத்திலிருந்து தலைமைப் பயிற்சியாளரை எடுத்துவிட்டார்களே என்கிறீர்கள். கவலை நியாயமானதுதான். ஆனால் தாக்குதல் ஆட்டத்தைத் திட்டமிடும் உதவிப் பயிற்சியாளர், அதாவது தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் யார், எவ்வளவு காலம் தங்குவார் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அட்லாண்டா ஃபால்கன்ஸ் அணியில் தலைமைப் பயிற்சியாளர் டான் குவின் தற்காப்புக்காரர்; தாக்குதலை நடத்தியவர் ஒருங்கிணைப்பாளர் கைல் ஷானஹன். 2016 சீசனில் 540 புள்ளிகள், குவாட்டர்பேக் மாட் ரயனுக்குச் சிறந்த வீரருக்கான எம்விபி விருது, இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் வரை போனார்கள். அப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோ அணி ஷானஹனைத் தலைமைப் பயிற்சியாளராக்கிக்கொண்டது. அதே ரயன், அவர் எறிவதைப் பிடிக்கும் அதே ஜூலியோ ஜோன்ஸ், அடுத்த சீசனில் 353 புள்ளிகள்தான்! கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் ஆண்டி ரீட் மாதிரி தாக்குதலை வகுப்பவரே தலைமையில் இருந்தால் இந்த ஆபத்து குறைவு.

நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராக இருந்த பில் பெலிச்சிக்கும் தற்காப்பிலிருந்து வந்தவர்தான், ஆனால் 2012 முதல் 2021 வரை தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஜோஷ் மெக்டேனியல்ஸ் அவருடனேயே இருந்தார். உங்கள் அணியில் ஒருங்கிணைப்பாளர் போனால் அவர் இடத்துக்கு உள்ளேயே ஆள் தயாராகிறாரா என்று கவனியுங்கள்.