பாறை நிலத்தில் எர்த்: மின்சாரக் கேள்வி பதில்

கேள்வி: பர்கூர் பக்கம் எங்கள் தோட்டம். இரண்டடி செம்மண், அதற்குக் கீழே முழுப் பாறை. போர் மோட்டாருக்கு எர்த் குழி எடுத்து உப்பும் கரியும் போட்டோம். அப்படியும் எர்த் மெக்கரில் (எர்த்தின் தடையை அளக்கும் கருவி) 180 ஓம் காட்டுகிறது. பக்கத்திலேயே இன்னும் இரண்டு குழி போட்டால் 5 ஓமுக்கு வந்துவிடும் என்கிறார் எலக்ட்ரீஷியன். போடலாமா?
– ஒரு விவசாயி, கிருஷ்ணகிரி மாவட்டம்

பதில்: வேண்டாம். அந்தக் காசை வைத்திருங்கள், வேறு இரண்டு வேலை இருக்கிறது.

மெக்கர் காட்டும் தடை குறையக் குறைய எர்த் நல்லது. அந்தத் தடை பைப்பிலோ ஒயரிலோ இல்லை, மண்ணில் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி பைப்பைச் சுற்றியுள்ள முதல் ஓரிரு மீட்டரில். அடுத்த குழியை நாலடி தள்ளிப் போட்டால் இரண்டும் அதே மண்ணைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார் இறக்கிய கதை. குழிக்குக் குழி, ராடின் (மண்ணில் இறக்கும் எர்த் கம்பி அல்லது பைப்) நீளத்தைப் போல இரண்டு மடங்காவது இடைவெளி வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். மண்ணின் மின்தடைத் திறன் (மண் கரண்டை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) 100 ஓம்-மீட்டர் என்றால், 16 மில்லிமீட்டர் கனமுள்ள 3 மீட்டர் ராடு ஏறக்குறைய 33 ஓம் காட்டும். 1000 ஓம்-மீட்டர் உள்ள காய்ந்த கல் நிலத்தில் அதே ராடு 330 ஓம். தடியான ராடு வாங்கலாமே என்று தோன்றும். விட்டத்தை இரண்டு மடங்காக்கினாலும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். நீளம்தான் வேலை செய்யும். உங்களுக்கோ கீழே போக வழியில்லை.

ஆகவே படுக்கையாகப் போங்கள். இருக்கிற இரண்டடி மண்ணில் 30 மீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டி, அடியில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பட்டையை ஒரே துண்டாகப் போடுங்கள். 100 ஓம்-மீட்டர் மண்ணில் இது 6 ஓம் அளவுக்கு வரும். அடியில் பாறை இருப்பதால் உங்களுக்கு இதைவிடக் கூடுதலாகத்தான் காட்டும். எந்தப் பக்கம் வெட்டுவது என்பது முக்கியம். தண்ணீர்த் தொட்டி வழிந்து ஓடும் பக்கம், தென்னைப் பாத்தி ஓரம், நிலத்தின் தாழ்ந்த முனை என்று கோடையிலும் ஈரம் நிற்கிற இடமாகப் பார்த்துக் கொண்டுபோங்கள். மாட்டுக் கொட்டகைப் பக்கம் மட்டும் வேண்டாம். மின்கசிவு நேரத்தில் தரையிலேயே இடத்துக்கு இடம் வோல்ட் மாறும். முன்கால் ஓரிடம், பின்கால் ஓரிடம் என்று நிற்கிற மாடு நம்மைவிடச் சீக்கிரம் அடிபடும்.

பட்டையைச் சுற்றிப் பென்டோனைட் களிமண்ணைக் குழைத்துப் போட்டால் இன்னும் நல்லது. அது தண்ணீரைக் குடித்து ஊதி, ஈரத்தைப் பிடித்துவைக்கும். ஆனால் முழுக்கக் காய்ந்தால் சுருங்கி, பட்டையை விட்டு விலகிவிடும். மேலே ஓரடி மண்ணாவது மூடியிருக்கட்டும். போர் வண்டி எப்போதாவது பக்கத்தில் வந்தால், பாறையில் 20 அடி துளை போட்டு ராடை இறக்கி, இதே குழம்பை ஊற்றலாம். உங்கள் போரின் கேசிங் (துளைக்குள் இறக்கிய குழாய்) இரும்பு என்றால் அதையும் கிளாம்ப் போட்டு எர்த்தோடு சேர்த்துவிடுங்கள். பிவிசி கேசிங்காக இருந்தால் அதில் ஒன்றும் செய்ய முடியாது.

உப்பைப் பற்றி என் அபிப்பிராயம் பலருக்குப் பிடிக்காது. போட்ட புதிதில் மெக்கர் அழகாகக் காட்டும். மழைக்கு மழை கரைந்து போய்விடும், போகிற போக்கில் ஜிஐ பைப்பையும் அரித்துவிடும். குடிதண்ணீர்க் கிணறு பக்கத்தில் இருந்தால் அதற்கும் கேடு.

இவ்வளவும் செய்தாலும் கோடையில் 5 ஓம் வராமல் போகலாம். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. 180 ஓம் எர்த்தில் மோட்டார் பாடியில் 230 வோல்ட் இறங்கினால் ஓடும் கரண்ட் 1.3 ஆம்பியர்கூட இல்லை. ஃபியூஸ் போகாது, எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) விழாது, பாடி அப்படியே ஷாக் அடித்துக்கொண்டிருக்கும். ஆர்சிசிபி போடுங்கள். கரண்ட் கசிந்து குறிப்பிட்ட மில்லிஆம்பியரை எட்டினால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. நீர்மூழ்கி மோட்டாரில் இயல்பாகவே கொஞ்சம் கசிவு இருக்கும், 30 மில்லிஆம்பியர் அடிக்கடி விழுந்து தொல்லை தரலாம். அதற்கு 100 மில்லிஆம்பியர் போதும். 180 ஓமில்கூட 18 வோல்ட் ஏறும்போதே துண்டித்துவிடும். ஷெட்டில் உள்ள விளக்கு, பிளக்குக்கு 30 மில்லிஆம்பியரைத் தனியாகப் போடுங்கள். முதலில் இதை முடித்துவிட்டு, அப்புறம் வாய்க்கால் வெட்டுங்கள்.

கேள்வி: எர்த் சரியில்லாத வீட்டில், பிளக்கிலேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒயர் போட்டு இணைத்துவிட்டால் என்ன?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: கூடவே கூடாது. நியூட்ரல் ஒயர் எங்காவது அறுந்தால், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர் எல்லாவற்றின் பாடியிலும் 230 வோல்ட் வந்து நிற்கும். யாராவது அப்படிச் செய்து வைத்திருந்தால் இன்றைக்கே கழற்றச் சொல்லுங்கள்.

கேள்வி: கல் பூமியில் வீடு கட்டப்போகிறோம். அஸ்திவாரக் கம்பியையே எர்த்தாகப் பயன்படுத்தலாம் என்கிறார்களே, நம்பலாமா?
– ஒரு வாசகர், புதுக்கோட்டை

பதில்: தாராளமாக. அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் 1942-ல் ராணுவ வெடிமருந்துக் கிடங்குகளுக்கு எர்த் தேவைப்பட்டபோது, ஹெர்பர்ட் யூஃபர் என்பவர் கண்டுபிடித்த வழி இது. மழையே அரிதான அந்த ஊரில், பல வருஷம் கழித்து அளந்தபோதும் 5 ஓமுக்குள் இருந்தது. கான்கிரீட் மண்ணிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதுதான் காரணம். அடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்துவிட்டால் மட்டும் பலிக்காது, கான்கிரீட் நேராக மண்ணைத் தொட வேண்டும். குறைந்தது 6 மீட்டர் கம்பி, துண்டு துண்டாக இல்லாமல் இறுகக் கட்டியோ வெல்டிங் வைத்தோ தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அதிலிருந்து ஒரு முனையை மெயின் போர்டு வரும் இடத்தில் வெளியே விட்டுவையுங்கள். கான்கிரீட் போட்டபின் இதைச் செய்ய முடியாது. ஆகவே வயரிங் சமயத்தில் அல்ல, கம்பி கட்டும் அன்றே எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள்.